மாதா பீடத்தில் நாலு அங்குலம்

கடற்படையில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை ஊரில் யாருக்கும் இதுவரை ஒழுங்காக விளங்க வைக்க முடிந்ததில்லை. நாசரேத்தில் எங்கள் வீட்டுக்குப் பலசரக்கு கொடுக்கும் அண்ணாச்சி, நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"கப்பல்ல சிவில் இன்ஜினியருக்கு என்னம்மா சோலி? அங்கன செவரா இருக்கு பூசுததுக்கு?"

முதல் இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னேன். கப்பலைக் கட்டி நிறுத்த ஜெட்டி என்கிற துறைமேடை வேண்டும், ஜெட்டிக்குப் போகச் சாலை வேண்டும், மாலுமிகள் குடியிருக்க வீடு வேண்டும், வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். இதையெல்லாம் பார்க்கவும் கடற்படையில் அதிகாரிகள் உண்டு, நான் அதில் ஒருத்தி என்று. மூன்றாம் தடவை பொறுமை போய்விட்டது. "ஆமா அண்ணாச்சி, கப்பலுக்கு வெள்ளையடிக்கேன்" என்றேன். அவர் அதை அப்படியே நம்பி, "வெள்ளை உப்புத் தண்ணியில நிக்காதும்மா, பெயின்ட்டு அடிக்கச் சொல்லு" என்று யோசனை சொல்லி அனுப்பினார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சபை ஆராதனையில் பாட்டு அரை மாத்திரை தாமதமாகத் தொடங்கினாலும் திரும்பிப் பார்ப்பவர். நான் கடற்படைக்கு மனுப் போட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "போ. ஆனா அரைகுறையா மட்டும் திரும்பி வராத." தேர்வுக் குழுவில் ஐந்து நாள் வைத்துக் குடைந்தார்கள். "முத்துக்குளிக்கிற கரையிலிருந்து வருகிறாயே, நன்றாக நீந்துவாயா?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊரிலிருந்து கடல் பார்க்கவே பஸ் ஏற வேண்டும், எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பனைமரம்தான் என்றேன். சிரித்தார்கள். எடுத்துக்கொண்டார்கள். நீச்சல் பிறகு பயிற்சியில் அழுதுகொண்டே கற்றது.

ஆனால் எடுத்துக்கொண்டது குறுகிய காலப் பணிக்குத்தான். குறிப்பிட்ட வருஷங்கள் முடிந்ததும் சிலரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களைக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். என் முறை வந்த வருஷத்தில்தான் என்னைச் சொந்தக் கடற்கரைக்கே வேலைக்கு அனுப்பினார்கள். தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே ஒரு மீனவர் ஊரில், ரோந்துப் படகுகள் வந்து நிற்பதற்குச் சின்னதாய் ஒரு ஜெட்டி. கட்டுவது ஒரு ஒப்பந்தக்காரர். கடற்படை சார்பில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கினேன். இது நடந்த மாதக் கடைசிக்குள் என் மேலதிகாரி என்னைப் பற்றிய அறிக்கையை எழுதி அனுப்ப வேண்டும். நான் கடற்படையில் இருப்பதா, பெட்டியைக் கட்டுவதா என்பது அதை வைத்துத்தான். அதனால் அந்த மாதம் முழுக்க நான் ஒரு தப்பும் செய்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தப்பு அதற்கு முந்தின மாதமே நடந்து முடிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது.

கடலில் கட்டுமானம் என்றால் முதலில் வேண்டியது உயரம். தண்ணீர் ஏறும், இறங்கும். அதை நம்பி எதையும் அளக்க முடியாது. அதற்காகக் கரையில் எப்போதோ அளந்து வைத்த ஒரு தூண் இருக்கும். இன்ன தூணின் மேல்மட்டம் இன்ன உயரம் என்று பதிவேட்டில் எழுதியிருக்கும். பெஞ்ச் மார்க் என்போம். அங்கிருந்துதான் மற்ற எல்லா உயரங்களையும் அளந்து எடுக்க வேண்டும்.

அந்த ஊரில் பெஞ்ச் மார்க் மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இடுப்பளவு உயரத்தில் சதுரமான காங்கிரீட் தூண். நாங்கள் போய்ப் பார்த்தபோது அதன்மேல் மாதா நின்றுகொண்டிருந்தாள். இரண்டடிச் சுரூபம், காலடியில் நீலச் சாட்டின் துணி, ஓரத்தில் வெள்ளை லேஸ், கழுத்தில் பிச்சிப்பூ. கடற்கரையில் உறுதியான தூண் ஒன்று சும்மா நின்றால் இந்தக் கரைக்காரர்கள் அதைச் சும்மா விடமாட்டார்கள். எப்போதோ யாரோ அதை மாதாவைக் கும்பிடும் கெபியாக்கியிருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர். ஒப்பந்தக்காரரின் சர்வேயர், அவருடைய உதவியாள், நான். சர்வேயர் சைவப்பிள்ளை, நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. தூணுக்குப் பக்கத்தில் போனதும் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அளவுகோலை எடுத்து, மாதாவின் கால்மாட்டில், துணி விரித்திருந்த விளிம்பின்மேல் மெதுவாக நிறுத்தினார். நான் நாற்பதடி தள்ளி, மட்டம் பார்க்கும் லெவல் கருவிக்குப் பின்னால் நின்றேன்.

கிட்டே போய்த் துணியை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நாங்கள் புராட்டஸ்டன்ட் சபை, எங்கள் வீட்டில் சுரூபம் கிடையாது. சபையில் மெழுகுவர்த்தி கூடக் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். அடுத்தவர்கள் கும்பிடுவதில் கை வைக்காதே, வாயும் வைக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். மாதாவின் துணியைத் தூக்கிப் பார்க்க நான் யார்? சர்வேயருக்கும் அதே மரியாதைதான். இரண்டு பேருடைய நல்ல வளர்ப்பும் சேர்ந்து செய்த காரியம் அது.

அதோடு நிற்கவில்லை. ஒரு பெஞ்ச் மார்க்கில் தொடங்கினால் இன்னொரு பெஞ்ச் மார்க்கில் கொண்டுபோய் முடிக்க வேண்டும் என்பது பாலபாடம். இரண்டாவது பெஞ்ச் மார்க் இருந்தது உப்பளத்தைத் தாண்டி, சாலையோரப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில். இரண்டு கிலோமீட்டர். உச்சி வெயில், உப்பிலிருந்து எழும் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. "மேடம், தொடங்கின இடத்துலயே முடிச்சிருவோமே" என்றார் சர்வேயர். முடித்தோம். வித்தியாசம் சுத்தமாக ஒன்றுமில்லை. புள்ளி பிசகவில்லை என்று நான் அவரைப் பாராட்டினேன். தொடங்கிய இடத்திலேயே வந்து முடித்தால் கணக்கு நேராகத்தான் வரும், தொடங்கிய இடம் தப்பாக இருந்தாலும். இதை நான் கல்லூரியில் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்.

"சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த உயரத்தை வைத்துக் கடலுக்குள் இறக்கியிருந்த பன்னிரண்டு பைல்களின் தலையை வெட்டினார்கள். பைல் என்றால் ஜெட்டியைத் தாங்கும் கால். அதன் தலைமேல் உத்திரம், உத்திரத்தின்மேல் தளம், தளத்தில் மாட்ட இரும்புப் பாலம். இரும்புப் பாலம் ஏற்கெனவே அளவெடுத்துச் செய்து வந்து மணலில் கிடந்தது. உத்திரத்துக்குக் கம்பி கட்டி முடிந்து, மறுநாள் காலை காங்கிரீட் போடுவதாக இருந்தது.

காங்கிரீட்டுக்கு முந்தின நாள் காலை, ஏலம் முடிந்த நேரம். அங்கே ஏலம் விடும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். குரல் இருக்கிறதே, அலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் படகுக்கும் கேட்கும். ஊர்ப் பெண்கள் குழுவுக்கும் அவள்தான் தலைவி. முதல் வாரம் என்னை "மேடம்" என்றாள். நான் நாசரேத்துக்காரி என்று தெரிந்த பிறகு மரியாதை பறந்துவிட்டது.

அன்று மாதாவின் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். பழைய நீலத்தை உருவிவிட்டுப் புதியதை உதறினாள். நான் டீ குடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். துணி போன பீடம் பளபளவென்று வெயிலில் மின்னியது. வெள்ளை டைல்ஸ்.

"எப்படி இருக்குளா?" என்றாள். "போன திருவிழாவுக்கு எங்க குழுவுலதான் போட்டோம். மாதா தாழ நிக்கான்னு செங்கல் ஒரு வரி வச்சி ஒசத்தி, மேல டைல்ஸ் ஒட்டினோம். துணி போட்டிருததால ஒரு ஆளும் பாக்க மாட்டேங்கு. நீயாவது பாத்தியே."

டீ என் கையில் அப்படியே நின்றது. போன திருவிழா. பதிவேட்டில் இருந்த உயரம் அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியது.

"எவ்வளவு ஒசரம்?" என்றேன்.

அவள் நாலு விரலை விரித்துக் காட்டி, பிறகு யோசித்து, விரல்களை இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.

அந்த நிமிஷம் என் மூளை செய்த வேலையைப் பற்றி எனக்கு இன்றும் வெட்கம். நான் பொறியாளர். நின்று யோசித்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. பயந்தேன். நாலு அங்குலம் தப்பு என்றதும், நாலு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டோம் என்றே மனம் முடிவு கட்டிவிட்டது. குறைந்த பைலை இழுத்து நீட்ட முடியாது. மேலே வளர்க்கக் கம்பி போதாது. பன்னிரண்டு பைல், கட்டிய கம்பி, மணலில் கிடக்கும் பாலம், கீழே என் கையெழுத்து. பெட்டியைக் கட்டு என்று யாரோ காதில் சொன்னதுபோல் இருந்தது.

சர்வேயரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மேடம், நாலு இஞ்சுதான. நாளைக்குக் காங்கிரீட்டைப் போட்டுட்டோம்னா அதுக்கப்புறம் யாரு வந்து அளக்கப் போறா? பாலத்தை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி மாட்டிக்கிடலாம். உங்களுக்கும் இது முக்கியமான மாசம்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேலை போகும் பயம். அதைவிட எனக்கு எரிச்சலூட்டியது, அவர் சொன்னது எனக்கு ஏற்கெனவே தோன்றியிருந்தது என்பதுதான். துணியைப் போட்டு மூடிவிட்டால் போதும். துணி புதியது கையிலேயே இருக்கிறது.

"வாயை மூடும்" என்றேன். அந்த வயதுக்காரரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பிறகு மன்னிப்புக் கேட்டேன். அப்போது நான் பேசியது பாதி எனக்கே.

இன்னும் யோசித்தால் உண்மையைச் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. வலைகள் காயும் பக்கமாக நடந்துபோய் மேலதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் வேறு மாநிலத்துக்காரர், இருப்பது விசாகப்பட்டினத்தில். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் அவருக்கு உடம்பு சுடும். நடந்ததைச் சொன்னேன். மாதா, துணி, டைல்ஸ், இரண்டாவது பெஞ்ச் மார்க்குக்கு நான் போகாதது, சரிபார்த்ததாக நான் எழுதியது, எல்லாவற்றையும். நாளை காங்கிரீட்டை நிறுத்துகிறேன் என்றேன். தப்பு என்னுடையது என்றேன்.

"கூடுதலா, குறைவா?" என்றார்.

"குறைவு என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறாயா? அளந்துவிட்டு மத்தியானம் கூப்பிடு." வைத்துவிட்டார்.

அளப்பதற்குத் தூணின் பழைய மேல்மட்டம் வெளியே தெரிய வேண்டும். அதற்கு டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். ஏலப் பெண்ணிடம் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் உள்ளதை உள்ளபடி கேட்டேன். உங்கள் மாதா நிற்கும் இடத்தை நம்பி ஜெட்டி கட்டிவிட்டேன், நீங்கள் உயர்த்தியது எனக்குத் தெரியாது, ஓரத்தில் ஒரு டைல்ஸையும் அதன் அடியில் உள்ள செங்கலையும் எடுத்துப் பார்க்க வேண்டும், திரும்ப நானே ஒட்டித் தருகிறேன், இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கா இப்படி நடுங்குத?" என்றாள். பெண்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டாள். ஒரு சின்ன ஜெபம் சொல்லி, எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு, மாதாவைத் தூக்கினார்கள். தூக்கியதும் எங்கே வைப்பது என்று பார்த்தார்கள். சுற்றிலும் மீன் செதிலும் ஈரமும். ஏலப் பெண் திரும்பி, சுரூபத்தை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீ பிடி. ஒனக்காகத்தான இறங்குதா. கீழ மட்டும் வச்சிராதளா."

நாசரேத்துத் தலைமையாசிரியரின் மகள், சீருடையும் தலையில் ஹெல்மெட்டுமாக, மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு மீன் ஏலக் கரையில் நின்றேன். நல்ல கனம். பிச்சிப்பூ என் தாடையில் உரசியது. தெரிந்தவர்கள் யாரும் பார்க்கக் கூடாதே என்று ஒரு பக்கம். கை நழுவிவிடக் கூடாதே என்று இன்னொரு பக்கம்.

சர்வேயர் வெறுங்காலோடு உட்கார்ந்து உளியால் மெல்லத் தட்டினார். டைல்ஸ் வந்தது, கலவை உதிர்ந்தது, செங்கல் அசைந்து வந்தது. அடியில் பழைய காங்கிரீட், கறுத்துப்போய். டேப்பை வைத்து, "சரியா நாலு இஞ்சு" என்றார். தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான், கையில் சுரூபத்தோடு வேறொன்றும் செய்ய முடியாமல் நின்றபோதுதான், எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. தூண் நாலு அங்குலம் உயர்ந்துவிட்டது. நாங்கள் அதைப் பழைய உயரம் என்றே நினைத்து, அங்கிருந்து கீழே அளந்தோம். அளக்கத் தொடங்கிய இடம் மேலே போனால், போய் முடித்த இடமும் மேலேதான் போயிருக்கும். அப்படியென்றால்?

"அண்ணாச்சி" என்று கத்தினேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கொறையல! கூடியிருக்கு! பைல் நாலு இஞ்சு கூடியிருக்கு!"

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு மணலில் அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "வெட்டிரலாம் மேடம்" என்றார். "வெட்டிரலாம். ரெண்டே நாளு." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. மாதாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏளா, சுரூபத்தை வாங்குங்க, இவளுக்கு வெயில் தலைக்கேறிட்டு" என்றாள் ஏலப் பெண். அவ்வளவு லேசாக நான் என் வாழ்நாளில் உணர்ந்ததில்லை. நீச்சல் பரீட்சையில் தேறியபோது கூட இல்லை.

அதன் பிறகு, முந்தின மாதமே நடந்திருக்க வேண்டிய இரண்டு கிலோமீட்டரை நடந்தோம். அதே உச்சி வெயில், அதே உப்பளம். கருவியை நட்டு, பார்த்து, பிடுங்கி, மறுபடி நட்டு, பாலத்துக் கைப்பிடிச் சுவர் வரைக்கும். உப்பு வாரும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "எதைத் தொலைச்சியம்மா?" என்று கேட்டார்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்றேன். அங்கேயும் கணக்கு அதையே சொன்னது: நாலு அங்குலம், கூடுதல். மத்தியானம் போன் போட்டுச் சொன்னேன். "சரி" என்றார் மேலதிகாரி. அவ்வளவுதான்.

பைல்களை மறுபடி வெட்டினார்கள். உத்திரத்தின் பலகையை நாலு அங்குலம் இறக்கினார்கள். மூன்று நாள் தாமதமாகக் காங்கிரீட் போட்டோம். இரும்புப் பாலம் சொன்னபடி வந்து உட்கார்ந்தது. வேலைத்தளத்து வேலிக்குள் புதிதாக ஒரு தூண் நட்டு, அதன் தலையைக் கூம்பாக வார்த்து நடுவில் பித்தளைக் குமிழ் பதித்தேன். எந்தச் சுரூபமும் அதில் நிற்காது. பழைய தூணை இனி அளவுக்கு எடுக்கக் கூடாது என்று பதிவேட்டில் எழுதினேன். டைல்ஸைச் சொன்னபடி நானே ஒட்டினேன், கொஞ்சம் கோணல். ஏலப் பெண் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். கடற்படையில் இருந்தும் ஒரு டைல்ஸ் ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லையாம்.

அறிக்கை போய்விட்டது என்று மட்டும் தெரியும். அதில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. பட்டியல் வரும் வரைக்கும் வாரக்கணக்கில் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அப்பா போனில் "எல்லாம் சுகந்தான?" என்பார். "சுகந்தாம்பா" என்பேன்.

ஒரு மாலை, ஜெட்டியின் தளத்தில் நின்று தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மேலதிகாரி கூப்பிட்டார்.

"பட்டியல் வந்துவிட்டது. உன் பெயர் இருக்கிறது. நிரந்தரம்."

அவர் வழக்கத்துக்கு மாறாக இன்னும் பேசினார். "அந்த நாலு அங்குலத்தையும் அறிக்கையில் எழுதினேன். மறைக்கவில்லை."

"சரி சார்."

"நீ என்னைக் கூப்பிட்ட நேரத்தையும் எழுதினேன். குறைவு என்று நினைத்தபோதே, காலையில் கூப்பிட்டாய். கூடுதல் என்று உனக்குத் தெரிந்தது மத்தியானம்." வைத்துவிட்டார்.

தளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே அலை பைல்களில் அடித்துக்கொண்டிருந்தது. அழுதேன், நன்றாக வாய்விட்டு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். நிரந்தரமாகிவிட்டது என்றதும், "ஸ்தோத்திரம்" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு எதையும் மறைக்கத் தோன்றவில்லை. தூண், துணி, தப்பு, கையெழுத்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் தயங்கி, மாதா சுரூபத்தை அரை மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன்.

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"கீழ போட்டிரலியே?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"அப்ப சரி" என்றார். "நாளைக்கே கிளம்பி வீட்டுக்கு வா."